நெல்லையில் மரநிழல் உள்ள தெருவாகப் பார்த்துக் குடியேற எந்தப் பக்கம் நல்லது?

ஊர்திரும்பி கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பெங்களூரைக் காலி செய்துவிட்டுத் திருநெல்வேலிக்கே வந்துவிடுவதென்று நானும் மனைவியும் முடிவெடுத்திருக்கிறோம். எனக்குச் சொந்த ஊர் சேரன்மகாதேவி, மனைவிக்கு விருதுநகர் பக்கம். இரண்டு பேருக்குமே திருநெல்வேலியில் படித்த காலத்துப் பழக்கம் உண்டே தவிர குடும்பமாகக் குடியிருந்த அனுபவம் கிடையாது. மூத்தவள் இரண்டாம் வகுப்பு போகப் போகிறாள், சின்னவனுக்கு மூன்று வயது நடக்கிறது. அலுவலகத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சம்மதித்துவிட்டார்கள். எப்போதாவது சென்னைக்குப் போக வேண்டியிருக்கும், அதற்குத்தான் 2023இலிருந்து வந்தே பாரத் ஓடுகிறதே, காலையில் ஏறினால் மதியம் எழும்பூரில் இறங்கிவிடலாம்.

பிள்ளைகள் சாயங்காலம் தெருவில் இறங்கி விளையாட வேண்டும், நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போக வேண்டும், அப்பா அம்மா வந்து தங்கினால் காலையில் ஒரு நடை போய்வர வேண்டும். இதற்கெல்லாம் மரம் உள்ள தெரு வேண்டும். நம்மூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது இருக்கும் அடுக்குமாடியில் பிள்ளைகள் விளையாட இருப்பது கார் நிறுத்துமிடம்தான், அங்கேயும் வண்டி வருகிறதா என்று யாராவது ஒருவர் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பொங்கலுக்கு வந்தபோது பைக்கை எடுத்துக்கொண்டு பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி, மகாராஜநகர், தியாகராஜநகர், கே.டி.சி. நகர் எல்லாம் ஒரு சுற்று சுற்றினேன். பழைய காலனிகளில் நிழல் இருக்கிறது, ஆனால் காலி மனையே கண்ணில் படவில்லை, விற்பனைக்கு வருவதெல்லாம் பழைய வீடுகள். வெளியே நான்குவழிச்சாலைப் பக்கம் போனால் மனை கிடைக்கிறது, மரம் இல்லை. ரெட்டியார்பட்டி தாண்டி ஒரு மனைப்பிரிவைத் தரகர் காட்டினார். பூங்கா, நடைபாதை, இரு பக்கமும் பச்சைப் பசேலென்று வரிசையாகச் செடிகள், பார்க்க அழகாகத்தான் இருந்தது. அப்பா மட்டும் டவுனை விட்டு எங்கும் போகாதே, நெல்லையப்பர் கோயிலும் ஆறும் இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்கிறார்.

பழைய வீட்டை வாங்கிச் சரி செய்வதா, புது இடத்தில் ஐந்து சென்ட் வாங்கிக் கட்டுவதா? 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எந்தப் பகுதியை நம்பலாம்? தண்ணீர் எங்கே நன்றாக இருக்கும்? அங்கேயே இருந்து பிள்ளைகளை வளர்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

பாளைக்காரி:

தம்பி, முதலில் நல்லபடியாக வந்து சேருங்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் பாளையில்தான், அதாவது பாளையங்கோட்டையில்தான் இருக்கிறேன், பிள்ளைகளும் இங்கேயே படித்து வளர்ந்தார்கள், அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் பேச இருக்கிறது.

நகர் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், தெருவை வைத்து முடிவு செய்யுங்கள். மகாராஜநகரிலேயே ஒரு தெருவில் நுழைந்தால் வேம்பும் புங்கையும் மேலே கூடிக்கொண்டு மதியத்திலும் குளுகுளுவென்று இருக்கும், அடுத்த தெருவில் ஒரு மரம் இருக்காது. காரணத்தைக் கவனித்துப் பார்த்தால் தெரியும். நிழல் உள்ள தெருவில் வீட்டுக்காரர்கள் காம்பவுண்டுக்கு வெளியே மண் விட்டிருப்பார்கள். மொட்டைத் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் கார் ஏறுவதற்கு ரோடு வரை சிமென்ட் சரிவு போட்டிருப்பார்கள், மிச்சம் இருந்த இடத்தில் பேவர் பிளாக். மரத்தின் தூரைச் சுற்றி ஒரு சாண் மண்கூட விடாமல் பதித்தால் அது எத்தனை நாளைக்கு நிற்கும்? எங்கள் தெருமுனையில் நின்ற பூவரசு இப்படித்தான் உச்சியிலிருந்து காய்ந்துகொண்டே வந்து போன ஆடிக்காற்றில் சாய்ந்தது. நல்லவேளை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம்.

நீங்கள் பொங்கலுக்கு வந்து பார்த்தது போதாது. தை மாதத்தில் எல்லாத் தெருவும் நன்றாகத்தான் இருக்கும். சித்திரையில் வாருங்கள், மதியம் மூன்று மணிக்கு நடந்து பாருங்கள். இஸ்திரி வண்டிக்காரர் எங்கே நிறுத்தியிருக்கிறார், பதநீர் விற்கிறவர் ஓலைப்பட்டையோடு எந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். நாள் முழுக்க வெளியில் நிற்கிற அவர்களைவிட நிழல் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அவர்களிடமே அந்தத் தெருவைப் பற்றி விசாரியுங்கள், எந்த வீடு விலைக்கு வருகிறது என்பது வரைக்கும் சொல்வார்கள்.

சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்த்தால் என் ஓட்டு மகாராஜநகர், தியாகராஜநகர் பக்கத்துக்கு. உழவர் சந்தை மகாராஜநகரிலேயே இருக்கிறது, காலையில் நடந்து போய்க் காய்கறி வாங்கி வந்துவிடலாம். பெரிய ஆஸ்பத்திரி ஹைகிரவுண்டில், ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பதற வேண்டாம். பாளையில் பள்ளிக்குப் பஞ்சமில்லை என்பது உங்களுக்கே தெரியும், யோவான் கல்லூரி 1878இலும் சாரா தக்கர் 1895இலும் சவேரியார் 1923இலும் வந்தவை, அவற்றைச் சுற்றித்தான் பாளை படிப்பூராக வளர்ந்தது. அந்த வளாகங்களுக்குள் நிற்கிற பெரிய மரங்களால் பக்கத்துத் தெருக்களுக்கும் காற்று நன்றாக வருகிறது. அண்ணா விளையாட்டரங்கமும் வ.உ.சி. மைதானமும் இங்கேதான் இருக்கின்றன, சாயங்காலம் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகலாம். கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்கு என் பிள்ளைகள் போகாத விடுமுறையே கிடையாது.

இன்னொன்று. பள்ளியை முடிவு செய்துவிட்டு வீட்டைத் தேடுங்கள். குலவணிகர்புரம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் பள்ளியும் அமைந்துவிட்டால் தினமும் காலையில் கேட் அடைத்திருக்கிறதா என்கிற கவலையிலேயே பிள்ளை சாப்பிடாமல் கிளம்பும். பக்கத்துத் தெருவிலேயே பள்ளி என்றால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை கையைப் பிடித்து நடந்தே போய்விடும், அதைவிட நிம்மதி கிடையாது.

பழைய வீட்டையே வாங்குங்கள். கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு மாமரம் நிற்கிற வீடாகப் பாருங்கள். வீட்டை இடித்துக்கூடக் கட்டிக்கொள்ளலாம், காய்க்கிற மாமரத்தை எந்தக் காசுக்கும் உடனே வாங்க முடியாது.

வாய்க்கால்கரை:

பொதுப்பணித்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த அம்மா சொன்னதில் மரத்தைப் பற்றி மறுப்பு ஒன்றும் இல்லை. ஆனால் தம்பி, நீங்கள் வெள்ளத்தையும் தண்ணீரையும் கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்குவேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்ததை எல்லோரும் ஆற்று வெள்ளம் என்றே பேசுகிறார்கள். பாதி உண்மை. பாபநாசம் அணையின் முழு நீர்மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி, அவை நிரம்பி அந்த அணைகளிலிருந்து வருகிற உபரி நீரோடு திருப்புடைமருதூரில் கடனாநதியும் இன்னும் கீழே பச்சையாறும் சேர்ந்துகொள்ளும்போது ஆறு கரையை மீறத்தான் செய்யும். 1992 நவம்பரிலும் மீறியது. 2023இல் சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் இந்தப் பகுதிகளில் ஆற்றுத் தண்ணீர் வந்தது, ஆட்சியர் அலுவலக வளாகமே தப்பவில்லை. இது ஒரு கதை.

இன்னொரு கதை மழைத் தண்ணீர். ஆற்றுக்கு எவ்வளவோ தூரத்தில், மேட்டில் இருக்கிற தெருக்களிலும் முழங்கால் அளவு நின்றதே, அது ஆற்றிலிருந்து வந்ததல்ல. வானத்திலிருந்து விழுந்து, போக வழி இல்லாமல் நின்றது. பாளையைச் சுற்றி ஒரு காலத்தில் குளத்துக்குக் குளம் ஓடை இருந்தது. ஒரு குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். நடுவில் இருந்த ஓடை சுருங்கிச் சாக்கடையாகிவிட்டது, சில இடங்களில் தெருவாகவே ஆகிவிட்டது. புதிய பேருந்து நிலையம் இருக்கும் வேய்ந்தான்குளம் பக்கம் ஐப்பசி மழையில் ஒரு நடை போய்ப் பாருங்கள், தண்ணீர் எங்கிருந்து எங்கே போகப் பார்க்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

பாளையங்கால்வாய் பழவூர் அணைக்கட்டில் பிரிந்து மேலப்பாளையம், குலவணிகர்புரம் வழியாக வருகிறது. நெல்லைக் கால்வாய் சுத்தமல்லி அணைக்கட்டில் பிரிந்து டவுன் பக்கம் போகிறது. இரண்டுமே வயலுக்கு வெட்டியவை, மழைநீர் வடிகாலாக வெட்டியவை அல்ல. கரையோரம் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயல்கள் மனையாகிவிட்ட பிறகு அந்த வயல் தாங்கிக்கொண்டிருந்த தண்ணீர் எங்கே போகும்? வயலில் மண் நிரப்பி மேடாக்கிய மனையில் வீடு கட்டினால் உங்கள் வீடு தப்பிக்கலாம், தெரு தப்பிக்காது. பிள்ளைகள் தெருவில் விளையாட வேண்டும் என்றுதானே வருகிறீர்கள்.

அதனால் எந்த மனையாக இருந்தாலும், பழைய வீடாக இருந்தாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்தச் சர்வே எண்ணின் புலப்படத்தையும் (நிலத்தின் அளவை வரைபடம்) அ பதிவேட்டையும் (நிலம் என்ன வகை என்று சொல்கிற வருவாய்த்துறைப் பதிவேடு) எடுத்துப் பாருங்கள். இணையத்திலேயே கிடைக்கும். உங்கள் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், நாலு பக்கமும் ஒட்டியிருக்கிற எண்களையும் பாருங்கள். ஓடை புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, குளம் என்று பக்கத்தில் ஏதாவது இருந்தால் நேரில் போய் அது இப்போது எங்கே என்று தேடுங்கள். படத்தில் ஓடை இருக்கிறது, தரையில் இல்லை என்றால் அந்தத் தெருவை விட்டுவிடுங்கள். பூங்கா அழகாக இருக்கிறது, நுழைவாயில் வளைவு அழகாக இருக்கிறது என்றெல்லாம் மனம் இளகக் கூடாது.

காகிதம் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய மனைப்பிரிவு என்றால் 10 சதவீத இடத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப்பத்திரம் போட்டு உள்ளாட்சிக்குக் கொடுத்திருக்க வேண்டும். தரகர் காட்டுகிற பூங்கா அப்படி எழுதிக் கொடுத்த பூங்காவா, அல்லது விற்பனை முடியும் வரைக்கும் வைத்திருக்கிற பூங்காவா என்று கேளுங்கள். பத்திர எண் கேளுங்கள். டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண், ரெரா என்கிற மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இரண்டையும் நீங்களே தளத்தில் போட்டுச் சரிபாருங்கள். அனுமதியில்லாத மனை என்றால் 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவானவற்றைத்தான் வரன்முறைப்படுத்த வழி செய்தார்கள், அதற்கான உத்தரவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பூங்காவுக்கு எதிரே மனை என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கியது. அந்தப் பூங்கா வரைபடத்தில் வேறு மூலையில் இருந்தது, காட்டிய இடத்தில் இப்போது வரிசையாகக் கடைகள்.

குடிக்கிற தண்ணீர் மாநகராட்சி எல்லைக்குள் என்றால் தாமிரபரணித் தண்ணீர் வரும், தெருவுக்குத் தெரு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதுதான் வித்தியாசம். அக்கம்பக்கத்தில் பெண்களிடம் கேளுங்கள், அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள். ஆழ்துளைக் கிணற்றை நம்பி வெளியே போவதாக இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை தாங்கலாம் என்பது இந்தியத் தர அளவு. உப்புத் தண்ணீரில் மரமும் சரியாக வராது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறுக்குத்துறை ரோட்டுக்காரன்:

எல்லோரும் பாளையிலேயே நிற்கிறீர்கள். உங்கள் அப்பா சொன்னதைத் தள்ளிவிட வேண்டாம் தம்பி.

திருநெல்வேலிச் சீமையின் மரம் என்றால் அது மருதம். ஆற்றங்கரை மருத மரத்தடியில் ஒருமுறை உட்கார்ந்தவனுக்கு வேறு நிழல் பிடிக்காது. தென்காசி சாலையை அகலப்படுத்தியபோது இரண்டு பக்கமும் நின்ற பழைய மரங்கள் போய்விட்டன, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. மிச்சம் இருப்பது ஆற்றங்கரையில்தான். குறுக்குத்துறைக்குப் போகிற ரோட்டில் காலையில் நடந்தால் ஒரு பக்கம் வயல், கொக்கு, நாரை, அப்புறம் ஆறு. ஆண்டுதோறும் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போகிறார்கள், உங்கள் மூத்தவளைச் சேர்த்துவிடலாம். நயினார்குளத்திலேயே போதுமான பறவை வரும். ஆனியில் தேர், ஐப்பசியில் திருக்கல்யாணம், இதெல்லாம் வீட்டு வாசலில் நடக்க வளர்கிற பிள்ளைக்கும், லீவுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிற பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டு.

வெள்ளம் வருவதை மறைக்க மாட்டேன். குறுக்குத்துறை முருகன் கோயிலே வெள்ளத்துக்குள் முங்கி எழுகிற கோயில்தான். வாய்க்கால்கரை அண்ணாச்சி சொன்னபடி தாழ்ந்த இடத்தைத் தவிர்த்துவிட்டு, டவுனுக்குள்ளேயே மேடான தெருவில் மாடிவீடாகப் பாருங்கள். ரத வீதிகளில் நெரிசல், சத்தம், வண்டி நிறுத்த இடம் கிடையாது. உள்தெருக்களில் நிழல் என்பது வீட்டுத் திண்ணையின் நிழல்தான், மரநிழல் கம்மி. ஆனால் ஆறு நடக்கிற தூரத்தில் இருக்கிறது. எனக்கு அது போதும், பிள்ளைகளுக்கும் போதுமானதாக இருந்தது.

நாலுவழிச்சாலை அப்பா:

புது மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடியிருக்கிறவன் என்ற முறையில் நானும் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே யாரும் எங்கள் பக்கத்தைப் பேசவில்லை. கே.டி.சி. நகர், வி.எம். சத்திரம் பக்கமெல்லாம் மொட்டைக்காடு என்று ஒதுக்கிவிடாதீர்கள். பாளையில் பழைய வீடு விலைக்கு வருவதே அபூர்வம், வந்தாலும் எங்களைப் போன்றவர்கள் கைக்கு எட்டாது. இங்கே மனை கிடைத்தது, தெரு அகலமாக இருந்தது, வாகைக்குளம் விமான நிலையத்துக்கும் தூத்துக்குடிக்கும் போவது சுலபம். மரம் இல்லை, சரி, நட்டோம்.

நடுகிற விஷயத்தில்தான் கவனம் வேண்டும். ரெட்டியார்பட்டி தாண்டிப் பச்சைப் பசேலென்று வரிசையாகச் செடி பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, கூம்பு மாதிரி வெட்டி வைத்த, இலை சின்னதாக, கண்ணாடி போல மினுங்குகிற செடியா? அப்படியானால் அது கோனோகார்பஸ். சீக்கிரம் வளரும், வாங்க வருகிறவர்களுக்கு உடனே பச்சையாகக் காட்டலாம், அதனால்தான் வைக்கிறார்கள். வேர் போய்க் குழாயையும் சுவரையும் கெடுக்கும், மகரந்தம் மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களுக்கு ஆகாது, அதை நடக் கூடாது என்று தமிழக அரசே தடை போட்டுவிட்டது. அந்த வரிசையை மரம் என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

எங்கள் தெருவில் நாங்கள் வைத்தது புங்கை, வேம்பு, மகிழம், சரக்கொன்றை. நம் பக்கத்துக் காற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடி, ஆவணியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் அடிக்கிற மேல்காற்றை வைத்துத்தான் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலை ஓடுகிறது. அந்தக் காற்றில் மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் கிளை ஒடிந்து விழும், சின்னத் தெருவில் அவற்றை வைக்கக் கூடாது. வேம்பு மெதுவாகத்தான் வரும், ஆனால் நிற்கும். புங்கைக்கு வேகமும் உண்டு, நிழலும் அடர்த்தி. கன்று ஆள் உயரம் வரும் வரைக்கும் கூண்டு போட்டு, மேற்கே சாயாமல் கிழக்கே சாயாமல் குச்சி கட்டி, கோடையில் தவறாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். மின்கம்பி போகிற பக்கத்தில் உயரமாக வளர்கிறதை வைத்தால் மின்வாரியத்துக்காரர்கள் வந்து நடுவில் வெட்டிவிட்டுப் போவார்கள், மரம் இரண்டாகப் பிளந்து விகாரமாக நிற்கும். கம்பி இல்லாத பக்கம் வேம்பு, கம்பிப் பக்கம் குட்டையாக வளர்கிறது, இதைத் தெருக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். இப்போது மாலையில் பிள்ளைகள் விளையாடுவது அந்தப் புங்கை வரிசையின் கீழேதான்.

ஐந்து சென்ட் என்பது ஏறத்தாழ 2,178 சதுர அடி. அதில் முழுக்கவும் வீடு கட்டிவிடாமல் மேற்குப் பக்கம் மண் விடுங்கள். நம்மூரில் வீட்டைச் சூடாக்குவது மேற்குச் சுவர்தான், சாயங்காலம் வாங்கிய சூட்டை அது ராத்திரி முழுக்க வீட்டுக்குள் விடும். அந்தச் சுவருக்கு எதிரே ஒரு வேம்பு நின்றால் படுக்கையறையில் ஏசி ஓடுகிற நேரம் குறையும்.

ஆனால் ஒன்று, உங்கள் பிள்ளைகளுக்கு இப்போதே நிழல் வேண்டும் என்றால் எங்கள் பக்கம் பொருந்தாது. சின்னவனுக்கு மூன்று வயது என்பதால் அவனுக்கு நிழல் கிடைக்கும், மூத்தவள் மரம் பெரிதாவதற்குள் மேல்நிலைப் பள்ளிக்குப் போய்விடுவாள்.

ஊர்திரும்பி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி, இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், ரெட்டியார்பட்டிக்கு அப்பால் பார்த்தது கோனோகார்பஸேதான். தரகரிடம் பூங்காவின் தானப்பத்திர எண்ணைக் கேட்டேன், அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார், இன்னும் சொல்லவில்லை.

மனைவியும் நானும் பேசிப் பார்த்ததில் இப்போதைக்கு வாங்காமல் பாளையில் வாடகைக்கு இருந்து பார்ப்பது என்ற யோசனை வந்திருக்கிறது. சித்திரை வெயில், ஆடிக்காற்று, ஐப்பசி கார்த்திகை மழை மூன்றையும் அங்கேயே இருந்து பார்த்துவிட்டு வாங்கலாம் என்று. இது சரிதானா, இல்லை விலை ஏறிக்கொண்டே போகும்போது தள்ளிப்போடுவது முட்டாள்தனமா? அப்புறம் பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி பற்றி யாருமே விரிவாகச் சொல்லவில்லையே.

பாளைக்காரி:

சரியான யோசனை தம்பி. வாடகைக்கு வீடு தேடுவதை மார்ச்சிலேயே தொடங்கிவிடுங்கள், மே கடைசியில் வந்தால் பள்ளிக்குப் பக்கத்தில் இருப்பதெல்லாம் போய்விடும்.

என்.ஜி.ஓ. காலனி அருமையான இடம், என் நாத்தனார் அங்கேதான் இருக்கிறாள். அரசு ஊழியர்கள் வீடு கட்டிக் குடியேறிய இடம், தெருக்கள் நேராகவும் அமைதியாகவும் இருக்கும், காலையில் மயில் சத்தம் கேட்கும். வயதானவர்கள் அதிகம், பிள்ளைகள் வெளியூரில். அதனால் உங்கள் பிள்ளைகளோடு விளையாட அதே வயதுப் பிள்ளைகள் அந்தத் தெருவில் இருக்கிறார்களா என்று சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நிழல் இருந்து கூட்டாளி இல்லாவிட்டால் பிள்ளை வீட்டுக்குள் டிவி முன்னால்தான் உட்காரும். இன்னொரு பக்கம், அங்கே வீடுகள் விலைக்கு வருவதும் அதே காரணத்தால்தான், பெரியவர்கள் பிள்ளைகளிடம் போகும்போது விற்கிறார்கள். வாங்குகிறவர் மரத்தை வெட்டாமல் குடியிருப்பார் என்று தெரிந்தால் விலையில் கொஞ்சம் இறங்கி வருகிற பெரியவர்களும் உண்டு. பெருமாள்புரத்தில் வங்கி, கடை, பேருந்து எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அதற்கேற்ற போக்குவரத்தும் உண்டு, பெரிய ரோட்டை விட்டு இரண்டு மூன்று தெரு உள்ளே தள்ளிப் பாருங்கள்.

வாய்க்கால்கரை:

விலை ஏறுவதைப் பற்றிக் கவலைப்பட்டு அவசரப்பட வேண்டாம். ஒரு மழைக்காலம் காத்திருந்தால் வேண்டாத தெரு எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும், பிறகு பேரம் பேசும்போதும் அது உதவும். கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் நீங்கள் குறித்து வைத்திருக்கிற தெருக்களையெல்லாம் பைக்கில் போய்ப் பாருங்கள். பழைய வீடுகளின் காம்பவுண்டுச் சுவரில் தரையிலிருந்து ஓரடி, ஒன்றரையடி உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடியிருந்தால் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் புதிதாக வெள்ளை அடித்திருந்தால் அடுத்த வீட்டுச் சுவரைப் பாருங்கள்.

சர்வே எண் கையில் கிடைத்ததும் இங்கேயே கேளுங்கள், பக்கத்து எண்களில் வாய்க்கால் இருக்கிறதா என்று சேர்ந்து பார்க்கலாம். வில்லங்கச் சான்றிதழ் முப்பது வருஷத்துக்குப் போடுங்கள், பட்டாவில் உள்ள பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று வக்கீலிடம் காட்டிவிட்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள்.